பத்மநாபபுரம் அரண்மனையும் உதயகிரி கோட்டையும்: ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க

கேள்வி இது: நாகர்கோவிலில் தங்கியிருக்கிறோம், வயதான பெற்றோரும் பள்ளிப் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள், ஒரே நாள்தான் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரி கோட்டைப் பூங்கா, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் நான்கையும் பார்த்துவிட முடியுமா?

வண்டியை நிறுத்தி, இறங்கி, படம் எடுத்து, மறுபடி ஏறுவது போதும் என்றால் முடியும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். அரண்மனையையும் கோட்டையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சுமார் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. தூரம் மட்டும் காரணமில்லை. 1741-க்கும் 1750-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் மார்த்தாண்ட வர்மா என்ற ஒரே திருவிதாங்கூர் அரசர் இந்த இரண்டையும் இன்று நாம் பார்க்கும் உருவுக்குக் கொண்டுவந்தார். கோட்டையைப் பார்க்காமல் அரண்மனையை மட்டும் பார்த்தால் மரவேலையின் அழகோடு நின்றுவிடும். அந்த அழகைக் கட்டிக் காத்த பட்டாளம் எங்கே உருவானது என்பது கோட்டைக்குள் போனால்தான் புரியும். திற்பரப்புக்கும் மாத்தூருக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் கிழமையைப் பாருங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் கன்னியாகுமரிக்குச் சனி, ஞாயிறு வருகிறவர்கள் ஊர் திரும்பும் வழியில் திங்களன்றுதான் இங்கே வந்து சேர்கிறார்கள். தேசிய விடுமுறை நாட்களிலும் திறப்பதில்லை. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில் என்றாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது அரண்மனை இருக்கும் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் கேரள அரசிடமே நின்றது. அதனால் நம் காலண்டரில் சிவப்பு எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். பண்டிகைக்கு ஒட்டிய நாளில் போவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது நேரம். காலை 9 மணி முதல் 1 மணி வரை, பிறகு 2 மணி முதல் 4.30 வரை. நடுவில் ஒரு மணி நேரம் மூடுகிறார்கள். டிக்கெட் கவுண்டர் அதற்கும் முன்பே அடைத்துவிடும். பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தால் இரண்டு மணி வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான். மாலை மூன்றரைக்கு மேல் உள்ளே போகிறவர்கள், மூடும் நேரம் நெருங்கிவிட்டதால் ஓட்டமாக ஓடிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எனவே காலை 8.45-க்கு வாசலில் இருக்கும்படி புறப்படுங்கள். நாகர்கோவிலிலிருந்து அரண்மனைக்கு அருகிலுள்ள தக்கலை சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனாலும் திருவனந்தபுரம் சாலையில் காலை நெரிசல் உண்டு. காரில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது.

பேருந்தில் வருவதென்றால் வடசேரி நிலையத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளை, திருவனந்தபுரம் போகும் வண்டி எதிலும் ஏறித் தக்கலையில் இறங்கலாம். அங்கிருந்து அரண்மனைக்கு இரண்டு கிலோமீட்டருக்குள்தான், ஆட்டோ கிடைக்கும். ரயிலுக்கு அருகிலுள்ள நிலையம் இரணியல். அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

நாகர்கோவிலிலிருந்து வரும்போது புலியூர்க்குறிச்சியில் உதயகிரி கோட்டைதான் முதலில் வரும். வழியில் இருக்கிறதே, முதலில் இதைப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அதைத் தாண்டி நேராக அரண்மனைக்குப் போய்விடுங்கள். அரண்மனைக்குள் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், வாசலிலேயே செருப்பை விட்டுவிட வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திறந்த முற்றங்களில் கல்தரை வரும். காலை ஒன்பது மணிக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அதே கல், பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளைக் குதிக்க வைக்கும். கோட்டைப் பூங்காவிலோ செருப்போடு மரநிழலில் நடக்கலாம், பிற்பகலுக்கு அதுதான் பொருத்தம்.

காலுறை போட்டுக்கொண்டால் சூடு தெரியாதே என்று சிலர் செய்கிறார்கள். உள்ளே தரை கண்ணாடி போல மெருகேறியது, மரப்படிகள் செங்குத்தானவை. காலுறை வழுக்கும். வெறுங்கால்தான் பாதுகாப்பு.

அரண்மனையில் பார்க்கும் பாதை ஒருவழிதான். ஓர் அறையைத் தாண்டிவிட்டால் கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி வருவது சிரமம். அதனால் எங்கே நிற்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். ஆங்காங்கே அரண்மனை ஊழியர்கள் நிற்கிறார்கள். கேட்டால் தமிழிலும் மலையாளத்திலும் விளக்குவார்கள். கேட்காமல் கடந்து போகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

நுழைந்ததும் பூமுகம். அரசர் முதலில் விருந்தினரைச் சந்தித்த இடம். இங்கே எல்லோரும் சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலியையும் கருங்கல் கட்டிலையும் பார்ப்பார்கள். நீங்கள் தலையை நிமிர்த்துங்கள். மரக் கூரையில் 90 தாமரைகள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. பிள்ளைகளிடம் ஒரே மாதிரி இரண்டு பூவைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பத்து நிமிடம் அமைதியாக நிற்பார்கள். கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கும் இங்கேதான். குதிரை மேல் வீரன் அமர்ந்த அந்த வெண்கல விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே நிற்கும்படி சங்கிலியைக் கோத்திருக்கிறார்கள். சுவரில் வண்ணம் தீட்டிய ஓணவில்லுகள் இருக்கும். ஓணத்தின்போது சிற்றரசர்களும் குடிகளும் அரசருக்குக் கொண்டுவந்த காணிக்கை அவை.

பூமுகத்துக்கு மேல்தான் மந்திரசாலை. அமைச்சர்களோடு அரசர் கூடிய மன்றம். படி குறுகலானது, மேலே உத்தரம் தாழ்ந்திருக்கும். உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொள்ளும் முதல் இடம் இதுதான். என் கணக்கில் அரண்மனையிலேயே மிகச் சிறந்த அறை இது. ஏறியவுடன் உடம்பில் குளிர்ச்சி படும். மின்விசிறி கிடையாது. சுவர் முழுக்க மரச் சட்டங்களால் ஆன சாய்வான அழிகள். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் அழிகளில் பட்டுச் சிதறி, கண்ணைக் கூசாத அளவுக்கு மட்டும் உள்ளே விழுகிறது. காற்று தடையில்லாமல் வருகிறது. உள்ளே இருப்பவருக்கு முற்றம் தெரியும், முற்றத்தில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியாது. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள் பதித்திருக்கிறார்கள். வெளியே தாழ இறங்கிய ஓட்டுக்கூரை வெயிலையும் சாரலையும் சுவருக்கு எட்டாமல் பிடித்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானம் கிடையாது.

அங்கேயே குனிந்து தரையைப் பாருங்கள். கருப்பாக, முகம் தெரியும் பளபளப்போடு இருக்கும். சுண்ணாம்பு, மணல், எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச்சாறுகள் கலந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை என்று சொல்கிறார்கள். சிரட்டைக் கரி கருமையையும், வெள்ளைக்கரு சுண்ணாம்புக்குப் பிடிப்பையும் மினுமினுப்பையும் தருகிறது. செருப்பில் ஒட்டி வரும் ஒரு மணல் பருக்கை போதும், இந்த மெருகில் கீறல் விழ. வெறுங்காலோடு வரச் சொல்வது சடங்குக்காக மட்டும் இல்லை என்று பிள்ளைகளுக்கு இங்கே காட்டலாம்.

பிறகு மணிமாளிகை, எடைகளின் விசையில் ஓடும் பழைய கடிகாரம். அதைத் தாண்டி ஊட்டுபுரை. ஒரு மாடிக்கு ஆயிரம் பேர் என்ற கணக்கில் இரண்டு மாடிகளிலும் பந்தி நடந்த கூடம். நீண்ட, வெறுமையான அறை என்பதால் எல்லோரும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். கூடத்தின் நீளத்தை ஒருமுறை முனையில் நின்று பார்த்துவிட்டு, ஊறுகாய் வைத்த பெரிய சீனத்து ஜாடிகளையும் பார்த்துவிட்டு நகரலாம்.

தாய்க்கொட்டாரம்தான் இந்த வளாகத்தில் மிகப் பழையது, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. நாலுகெட்டு அமைப்பு: நடுவில் திறந்த முற்றம், நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை. மழைநீர் நடு முற்றத்தில் விழுந்து வடிந்துவிடும். ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று நிற்கிறது. மொத்த அரண்மனையின் மரவேலையில் ஒன்றை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்பதானால் இதைப் பாருங்கள். கையால் தடவாதீர்கள். நாள்தோறும் நூற்றுக்கணக்கான கைகளின் வியர்வையும் எண்ணெயும் படுவதால்தான் செதுக்கலின் விளிம்புகள் மழுங்குகின்றன. இங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரம் என்ற இன்னோர் அரண்மனை வரை சுரங்கப்பாதை போவதாகச் சொல்வார்கள். இப்போது அது மூடப்பட்டிருக்கிறது.

உப்பரிகை மாளிகை நான்கு நிலைகள். கீழே கருவூலம். அதற்கு மேல் டச்சு வணிகர்கள் தந்ததாகச் சொல்லப்படும், 64 வகை மூலிகை மரங்களால் ஆன கட்டில். உச்சி நிலை பத்மநாபசுவாமிக்கு உரியது. சுவர் முழுக்கப் பழைய ஓவியங்கள், அணையா விளக்கு. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். ஊருக்கும் கல்குளம் என்ற பழைய பெயர் போய்ப் பத்மநாபபுரம் என்று வந்தது அவர் காலத்தில்தான். எனவே தனக்கு மேலே ஓர் அறையை இறைவனுக்கு ஒதுக்கிக் கட்டியதை வெறும் மாடிக் கணக்காகப் பார்க்கக் கூடாது. அந்த நிலைக்குப் பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை. ஊழியரிடம் வாதாட வேண்டாம், இயற்கை வண்ணங்களால் தீட்டிய ஓவியத்துக்குக் கூட்டத்தின் மூச்சு ஈரமும் ஒளியும் ஆகாது.

கடைசியில் வரும் நவராத்திரி மண்டபம் மரத்திலிருந்து கல்லுக்கு மாறுகிறது. விஜயநகர பாணியில் கருங்கல் தூண்கள், மெருகிட்ட தரை. ஒரு பக்கம் துளைகளிட்ட மரத்தட்டி. அரச குடும்பத்துப் பெண்கள் அதன் பின்னால் இருந்து ஆடலையும் பாடலையும் பார்த்தார்கள். பக்கத்திலேயே சரசுவதி கோவில். கம்பர் வழிபட்ட திருமேனி என்பது மரபு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு இந்தச் சரசுவதியும், குமாரகோவில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். அரண்மனையில் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கோடு புறப்பாடு தொடங்கும். அன்றைக்கு வந்தால் கட்டடத்தை நிதானமாகப் பார்க்க முடியாது, ஆனால் கட்டடம் எதற்காக இருந்தது என்று பார்க்கலாம். எது வேண்டும் என்று முடிவுசெய்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் பெற்றோரைப் பற்றி. மந்திரசாலைக்கும் உப்பரிகைக்கும் ஏறும் படிகள் செங்குத்து, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை, நிலைப்படிகள் உயரம். சக்கர நாற்காலி பெரும்பாலான இடங்களுக்குப் போகாது. முழங்கால் வலி உள்ளவர் என்றால் தொடக்கத்திலேயே ஊழியரிடம் சொல்லுங்கள். பூமுகம், முற்றங்கள், நவராத்திரி மண்டபம் என்று தரைமட்டத்தில் எவற்றைப் பார்க்கலாம் என்று வழிகாட்டுவார்கள். பாதி வழியில் படியில் நின்றுகொண்டு திரும்ப முயல்வதுதான் சிக்கல், பின்னால் வரும் கூட்டம் வழிவிடாது. இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோலப் படியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குவது வயதானவர்களுக்குப் பத்திரமானது.

கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். பிளாஷ் வேண்டாம். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்களின் பேருந்துகளும் பள்ளிச் சுற்றுலாக்களும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் காலை முதல் ஒரு மணி நேரம்தான் அமைதி. வெயிலையும் மழையையும் சேர்த்துப் பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி நல்லது, அதிலும் செவ்வாய் முதல் வியாழன் வரை. ஜூனிலும் ஐப்பசியிலும் வந்தால் உள்ளறைகள் இருண்டிருக்கும், முற்றக் கல் வழுக்கும்.

வெளியே வந்ததும் வாசலருகே உள்ள அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். கற்சிலைகளும் கல்வெட்டுகளும் அங்கே இருக்கின்றன, அரை மணி நேரம் போதும். டச்சுத் தளபதி டி லனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் ஓவியத்தையும் அரண்மனையில் காணலாம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள், பிற்பகலுக்கு அதுதான் முன்கதை. நேரம் இருந்தால் அரண்மனையைச் சூழ்ந்த பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளேயே இருக்கும் கல்குளம் நீலகண்டசுவாமி கோவிலுக்குப் போகலாம். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடும் பன்னிரண்டு கோவில்களில் ஒன்று. உச்சிப்பூசைக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தக்கலைக்கு வந்துவிடுங்கள். அரண்மனை வாசலில் சுக்குக் காப்பி, நேந்திரங்காய் சிப்ஸ் கிடைக்கும், அது சாப்பாட்டுக்கு ஈடாகாது. சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும், மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) இந்த வட்டாரத்து உணவு. பிள்ளைகளுக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கோட்டைக்குள் பசிக்கும்.

இரண்டரை மணிக்கு உதயகிரி. டில்லனாய் கோட்டை என்றாலும் ஆட்டோக்காரருக்குத் தெரியும். 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் தோற்கடித்தது. பிடிபட்ட தளபதி யூஸ்டாச்சியஸ் டி லனாய். அவரைக் கொல்லாமல், ஐரோப்பிய முறையில் தன் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பைக் கொடுத்தார் மார்த்தாண்ட வர்மா. பின்னாளில் டி லனாய் வலிய கப்பித்தான், அதாவது படையின் தலைமைத் தளபதி ஆனார். அவர் மேற்பார்வையில் இந்தப் பழைய கோட்டை கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது, உள்ளே பீரங்கி வார்க்கும் உலை இருந்தது.

உள்ளே ஏறத்தாழ 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. இப்போது தமிழ்நாடு வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான்கள், பறவைகள், பெயர்ப்பலகையோடு மரங்கள், பிள்ளைகள் விளையாட இடம். பெரும்பாலானோர் மான் வேலியோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் உள்ளே நடங்கள். கூரையில்லாத ஒரு பழைய தேவாலயச் சுவர்களுக்குள் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1777-இல் இறந்தார். கல்லில் அவருடைய குலச்சின்னம், லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. மனைவியும் மகனும் அருகிலேயே அடக்கம். காலையில் ஓவியத்தில் மண்டியிட்டு நின்றவர் முப்பத்தாறு ஆண்டு அதே அரசுக்கு உழைத்து இங்கே கிடக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு வரலாறு பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வரும். தமிழ் எழுத்தைப் பழைய வடிவில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். சாய்வாக வெளிச்சம் விழும் நான்கு மணிக்கு மேல் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். கல்லில் சாக்பீஸோ தண்ணீரோ தேய்த்துப் படிக்க முயல வேண்டாம், சேதம் அதில்தான் தொடங்குகிறது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் கையோடு கொண்டுபோங்கள். கொசு இருக்கும், மழைக்காலத்தில் அதிகம். முழுக்கால் உடை நல்லது. கோட்டைச் சுவர் மேல் ஏறாதீர்கள். கல் இடுக்குகளில் புதர் மூடியிருப்பதால் கால் வைக்கும் இடம் தெரியாது, பாம்பும் இருக்கலாம். குன்றின் பக்கம் போவதானால் காவலரைக் கேட்டுவிட்டுப் போங்கள். மாலை ஐந்துக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

ஐந்து மணிக்குப் பிறகும் தெம்பு இருந்தால் இரண்டு வழிகள். பெற்றோருக்கு வேளிமலை குமாரகோவில், கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர்தான். இந்த மாவட்டத்துக் கோவில்கள் பலவற்றில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், ஒரு துண்டு எடுத்துவையுங்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. டி லனாயின் வழியாகக் கிறிஸ்தவரானவரும், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவரும், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவருமான தேவசகாயம் பிள்ளையோடு தொடர்புடைய இடம், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிள்ளைகள் கடல் கேட்டால் குளச்சலுக்குப் போங்கள். அந்தப் போரின் வெற்றித் தூண் அங்கே கடற்கரைக்கு அருகில் நிற்கிறது. இருட்டுவதற்குள் பார்க்க வேண்டுமென்றால் கோட்டையிலிருந்து நாலரைக்கே கிளம்பிவிடுங்கள், குமாரகோவிலை அன்று விட்டுவிட வேண்டியிருக்கும்.